கட்டளைக்குக் காத்திருந்தவர்

லிப்ட் மெக்கானிக்கின் சாவு, ஒன்பது வருடமும் இரண்டு மாதமும் அவருடைய கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தது. சாம்பல் நிறச் சட்டை போட்ட நடுத்தர வயது ஆளாக வந்திருந்தது. அதட்டலோ அவசரமோ கிடையாது; நின்ற இடத்திலேயே லேசாக முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருக்கும். வார்டில் எல்லோரும் ‘வந்தவர்’ என்று மரியாதையாகவே சொன்னார்கள்.

மெக்கானிக் லிப்ட் குழிக்குள் விழுந்த நாலாம் நாள், டாக்டர் அவர் மனைவியிடம் பேசினார். “மண்டையைத் திறந்தா மேசையிலயே போயிடலாம். விட்டுட்டாலும் ரெண்டு நாள் தாண்டாது. எதுன்னு நீங்கதாம்மா சொல்லணும்.” அவள் சட்டைக் கம்பெனியில் காலர் தைப்பவள். ஒரு காலருக்கு நாற்பது நொடி என்று ஓடியே பழகியவளை, யோசித்துச் சொல் என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. “கொஞ்சம் இருங்க” என்றாள். உடனே சொட்டு மருந்துக் குழாயில் ஒரு துளி பாதி வழியில் நின்றது. கணவரின் மார்பு ஏறியது ஏறியபடி நின்றது. வந்தவர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தார்.

அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. கணவரின் சட்டைப்பையில் எப்போதும் ஒரு கையடக்க கேம் பெட்டி இருக்கும். அதற்குள் ஜப்பான்காரர்கள் செய்த பழைய கதை விளையாட்டு. நாலு பேர் ஊர் ஊராக நடப்பார்கள், பூதம் மறிக்கும், தாக்கு, தடு, மருந்து, ஓடு என்று கட்டளைகள் வரும், நம் முறைக்கு ஒன்றை அமுக்க வேண்டும். “பாத்தியா, நாம யோசிச்சு முடிக்கிற வரைக்கும் இவன் கை ஓங்க மாட்டான். வெளிய எவன் இப்படி நிக்கிறான்?” என்று சிரிப்பார். ஜெயிக்க முடியாவிட்டால் திரும்பிப்போய், புல்வெளியில் சில்லறைப் பூச்சிகளை அடித்து அடித்துத் தேற வேண்டும். உழைத்தவன் கட்டாயம் தேறுவான். பதினெட்டு வருடமாக ஒரே பதவியில் கிடந்த மனுஷனுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அவளுக்குத்தான் தெரியும்.

அவர் விட்ட இடத்திலிருந்து அவள் தேற ஆரம்பித்தாள். பஸ்ஸிலும் சாப்பாட்டு இடைவேளையிலும் அந்தப் பெட்டியில் பூச்சி அடித்தாள். ஸ்கேன் படம் படிக்கக் கற்றுக்கொண்டாள். நாலு ஊர்ப் பெரிய டாக்டர்களைப் பார்த்தாள். நாலு பேரும் அதே இரண்டு பதிலைத்தான் சொன்னார்கள். கொழுந்தன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, “அண்ணி, ஏதாவது ஒண்ணச் சொல்லித் தொலைங்க” என்று அழுதான். “இன்னும் லெவல் பத்தல தம்பி” என்றாள். வார்டுக்கு இரண்டு முறை வெள்ளையடித்தார்கள். வந்தவருக்கு நர்ஸ் ஒரு ஸ்டூல் போட்டார், அவர் உட்காரவில்லை.

ஒன்பது வருடம் தாண்டி, கம்பெனியின் நூல்கண்டு அறையில் உட்கார்ந்து கடைசிப் பூதத்தை வீழ்த்தினாள். கதை முடிந்து, பெயர்கள் ஓடி, திரை இருண்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியை மறுபடி போட்டால், நாலு பேரும் பூதத்தின் கதவுக்கு வெளியே நின்றார்கள். கதவுவரை வந்ததைத்தான் பெட்டி நினைவில் வைத்திருந்தது, ஜெயித்ததை அல்ல. இன்னும் இரண்டு முறை ஜெயித்தாள். அதே கதவு.

சூப்பர்வைசரிடம்கூடச் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வந்தவரிடம் முதல்முறையாகப் பேசினாள்.

“நான் எவ்வளவு தேறினா நீங்க தோப்பீங்க?”

“அப்படி ஒண்ணும் இல்லம்மா” என்றார் அவர், கூச்சத்துடன். “உங்க முறை முடியுற வரைக்கும் நிக்கணும். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.”

பழைய டாக்டர் ஓய்வு பெற்றிருந்தார். புதியவரிடம், “விட்டுடுங்க” என்றாள்.

துளி விழுந்தது. ஒன்பது வருடமும் மொத்தமாக வந்து மெக்கானிக்கின் மேல் இறங்கியது. தாடி நெஞ்சுவரை வளர்ந்தது, தலை நரைத்தது, நகங்கள் சுருண்டன. மார்பு மட்டும் இன்னும் இறங்கவில்லை. வயது நின்றுபோய் அவளைவிட இளையவராகிவிட்டிருந்தவர், அரை மணி நேரத்தில் மறுபடி அவளைவிட இரண்டு வயது மூத்தவரானார். கொழுந்தன் ஓடிப்போய் முடிவெட்டுபவரைக் கூட்டிவந்தான். அவள் தண்ணீர்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டாள். ஒரு கன்னம் முடிந்தபோது வந்தவர் ஆடுவதை நிறுத்தினார். ஏறியிருந்த மார்பு இறங்கியது, மறுபடி ஏறவில்லை.

முடிவெட்டுபவர் கத்தியை எடுத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். “மீதியையும் எடுத்துடவாம்மா?”

“எடுத்துடுங்க.”

ஒன்பது வருஷத் தாடிக்கு ஒரு பிளேடு தாங்காது என்று முனகியபடி, அவர் புது பிளேடு மாட்டி அடுத்த கன்னத்தைத் தொடங்கினார்.