நிழல் முடியும் இடம்

வெள்ளாயில் என்ற ஊரின் வயலில் கால்பந்தாட்டம் பார்க்க வருபவர்களின் நிழல் சூரியனைப் பொருட்படுத்தாது. யாரைப் பார்க்க வந்தார்களோ அவர்களுடைய காலடி வரை நீளும். அறுவடை முடிந்த வயலில் மூங்கில் கேலரி கட்டிய முதல் ஆண்டிலிருந்தே அப்படித்தான்.

அதை அளக்கத் தொடங்கியவள் கல்லூரியில் புள்ளியியல் நடத்தும் ஸுஹ்ரா. ஆட்டத்துக்கு ஏன் வருகிறீர்கள் என்று முதலில் வாய்விட்டுத்தான் கேட்டாள். "பந்துமேல பிரியம் டீச்சரே" என்றார்கள் எல்லாரும். நிழல்கள் வேறு சொல்லின. பாதிப்பேர் கானாவிலிருந்து வந்து விளையாடும் குவாமேக்காக வந்திருந்தார்கள். சிலர் கடலை வறுப்பவனுக்காக. ஒரு ஹாஜியாரின் நிழல், பாகப்பிரிவினையில் பேச்சு முறிந்துபோன தம்பியின் மடியில் கிடந்தது.

அவள் கணவன் ஷௌக்கத், குவாமே ஆடும் அணியின் கோல்கீப்பர்; அவளுக்கும் அணிக்கும் மரியாதையாக 'இக்கா'. தன்னைத் தேடி வரும் நிழல்கள் குறைவு என்பதை அவன் பொறுத்துக்கொண்டான். ஸுஹ்ரா உட்காரும் இடத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. எப்போதும் எதிரணி கோலுக்குப் பின்னால், குவாமே பாய்ந்து வரும் பக்கம். இடைவேளையில் அணிகள் இடம் மாறினால் அவளும் மறுபக்கம் போய்விடுவாள். அவள் நிழல் குவாமேயின் கால்களுக்கிடையே கிடந்ததைத் தன் கண்ணாலேயே பார்த்தான். விருந்துக்கு வந்த குவாமேக்கு அவள் இன்னொரு அரிசிப் பத்திரி சுட்டு வைத்ததற்காக ஒரு வாரம் பேசாமலிருந்தான். பிறகு வெடித்தான்.

"அவனைப் பார்க்கத்தானே அங்க போய் உக்கார்றே?"

"இக்காக்கு பந்து மட்டுமில்ல, புத்தியும் கை நழுவுது. நாளைக்கு அளந்து காட்டறேன், வாங்க."

மறுநாள் ஆட்டத்துக்கு முன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து டேப்பின் ஒரு முனையை அவள் பிடித்துக்கொண்டாள். மறுமுனையோடு அவளுடைய நிழலை ஒட்டி நடந்தவன் குவாமேதான். தான் வழக்கமாக நிற்கும் இடத்தைக் கடந்தான், மையக்கோட்டைக் கடந்தான், கடைசியில் ஷௌக்கத்தின் பூட்ஸில் வந்து முட்டினான்.

"இங்கதான் முடியுது இக்கா," என்றான் குவாமே.

கோலில் நிற்பவன் தன் காலடியைப் பார்ப்பதில்லை. ஷௌக்கத் அன்றுதான் பார்த்தான். ஆனாலும் விடவில்லை. "அப்புறம் எதுக்கு அந்தப் பக்கம் உக்கார்றே?" என்று கத்தினான்.

"இந்தப் பக்கம் உக்காந்தா உங்க முதுகுதானே தெரியும்!"

கேலரி முழுவதும் சிரித்தது. பொறாமை அதோடு போய்விடவில்லை. ஆட்டம் முடியும்வரை அவன் இடமும் வலமுமாக நகர்ந்து, நிழல் கூடவே வருகிறதா என்று சோதித்துக்கொண்டிருந்தான். வந்தது. அதற்குள் நான்கு கோல் விழுந்துவிட்டன. நிழல் அவன் கண்ணில் படாமலிருக்க இனிமேல் குடைக்குள் உட்காரும்படி அணியின் மேனேஜர் ஸுஹ்ராவைக் கேட்டுக்கொண்டார். அவளும் மறுக்கவில்லை. அந்த வெயில்காலம் முழுவதும் ஷௌக்கத் நின்ற கோல் மட்டும் அந்தக் குடையின் வட்டமான நிழலில் குளிர்ந்து கிடந்தது.