தள்ளினால் திறக்காத கதவு

ஒற்றை விரலுக்குத் திறக்கிற கதவு, ஒரு கூட்டமே முட்டியபோது ஏன் திறக்கவில்லை?

தையற்கூடத்தின் மூன்றாம் மாடியில், அவசர வழிக் கதவுக்கு முன்னால் நின்று அதன் தாழை வடிவமைத்தவள் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கதவின் குறுக்கே இடுப்பு உயரத்தில் ஒரு கம்பி. அதை அமுக்கினால் தாழின் நாக்கு நிலைச் சட்டத்தை விட்டு உள்ளே இழுபடும், கதவு வெளிப்பக்கம் திறக்கும். அவ்வளவுதான் சங்கதி. சுண்டுவிரலை வைத்தாள். ‘டக்’. திறந்தது. சாத்திவிட்டு மறுபடி வைத்தாள். மறுபடியும் ‘டக்’. அடம்பிடித்துத் தொலைத்திருந்தாலாவது எங்கே கோளாறு என்று பார்த்திருக்கலாம்.

“இப்ப நல்லாத்தான் திறக்குது. காலையில தீ ஒத்திகை மணி அடிச்சப்ப காலை வாரிடுச்சே!” என்றார் மேலாளர். “நாளைக்குள்ள சரியாகலேன்னா பழைய பூட்டுதாம்மா. சாவி காவலாளிகிட்ட இருக்கும். துணி களவு போறதாவது நிக்கும்.”

நெம்பித் திறக்க முடியாதபடி நாக்கு நீளமாக வேண்டும் என்று கேட்டு வாங்கியவரும் அவர்தான்.

அந்தக் கூடத்தில் துணி வெட்டுகிறவன் அவளுடைய தம்பி. நிஜமாகவே தீப்பிடித்தால், காவலாளி சாவியோடு மூன்று மாடி ஏறி வரும்வரை அவன் புகைக்குள் நிற்க வேண்டும். அவனைக் கூப்பிட்டாள்.

“டேய், நீதானே முன்னாடி நின்னே? கம்பியை ஒழுங்கா அமுக்கினியா?”

“அமுக்கறதா? நல்லா கேட்ட போ! பின்னாடி இருந்து எல்லாரும் தள்ளுறாங்க, என் மூஞ்சி கதவுல அப்பளமாயிடுச்சு. கையை உருவி எடுத்து அப்புறம்தான் கம்பியைத் தொட்டேன். அசையவே இல்லக்கா.”

“முதல்ல தள்ளல், அப்புறம் அமுக்கல். அப்படியா?”

“உயிருக்குப் பயந்து ஓடுறவன் வேற எப்படி வருவான்? வரிசையில நின்னு வணக்கம் சொல்லிட்டா?”

அவளுடைய பட்டறையில் இந்தத் தாழை ஆயிரம் தடவை சோதித்திருந்தார்கள். எல்லோரும் தாழ் செய்கிறவர்கள், கைப்பழக்கம் உள்ளவர்கள். அமுக்குவார்கள், அதன் பிறகே தள்ளுவார்கள். ஒருவர்கூட மாற்றிச் செய்யவில்லை.

“எல்லாரும் வந்து கதவுல சாயுங்க.”

சாய்ந்தார்கள். கூட வந்த பொருத்துநர், ஒல்லியானவர், ‘குண்டூசி’ என்று பெயரெடுத்தவர், அவரும் தோளைக் கொடுத்தார்.

“அண்ணே, நீங்க சாய்ஞ்சா கதவுக்குத் தெரியவா போகுது?” என்றான் தம்பி.

அவள் கம்பியை அமுக்கினாள். கல் மாதிரி நின்றது. இரண்டு கையாலும் அமுக்கினாள். அசையவில்லை.

காரணம் புரிந்துவிட்டது. ஆள் உட்கார்ந்திருக்கும் பாயை உருவிப் பாருங்கள், வராது. அவரை எழுப்பிவிட்டால் ஒரு விரலுக்கு வரும். கூட்டத்தின் கனம் கதவைத் தள்ள, கதவு நாக்கைச் சட்டத்தோடு வைத்து நசுக்கியது. கையின் பலமெல்லாம் அந்த உராய்வுக்கே போய்விட்டது.

“நாக்கைச் சரிவா சீவிடலாமே, தள்ளினா தானா வழுக்கிடும்,” என்றார் குண்டூசி.

“வெளியிலிருந்து கொக்கி போட்டு இழுத்தாலும் வழுக்கிடுமே, அண்ணே. கதவுக்கு ரெண்டும் ஒரே திசைதான்.”

அவள் பட்டறைக்குத் திரும்பினாள். திருடன் இழுப்பதும் தம்பி தள்ளுவதும் நாக்குக்கு ஒன்றுதான். பலத்தை வைத்து ஆளைப் பிரிக்க முடியாது. அப்படியானால் இருவருக்கும் என்ன வித்தியாசம்? ஒன்றே ஒன்று. கம்பி தம்பியின் பக்கம் இருக்கிறது.

அந்த இடத்தில் அவள் பென்சிலை எடுத்தாள்.

மறுநாள் காலை கதவில் புதிய தாழ் ஏறியது. மேலாளர் வெளியே நின்று கடப்பாரையால் நெம்பினார், வியர்த்ததுதான் மிச்சம். பிறகு உள்ளே இருந்தவர்கள் அத்தனை பேரும் கதவின் மேல் சாய்ந்தார்கள். தம்பி நெரிசலுக்குள்ளிருந்து ஒரு விரலை நீட்டினான். கதவு படாரென்று திறந்தது, குண்டூசி படிக்கட்டின் கைப்பிடியைக் கட்டிக்கொண்டார்.

அவள் செய்தது இதுதான். நேராக நீளும் நாக்கை எடுத்துவிட்டு, ஓர் அச்சாணியில் சுழலும் வளைந்த நாக்கை வைத்தாள். கதவின் மேல் விழும் பாரத்தில் பெரும்பகுதியை அச்சாணி தாங்கும். மிச்சத்தை, நாக்கு சுழலாமல் பின்னால் முட்டுக்கொடுக்கும் ஒரு சின்ன உருளை தாங்கும். கம்பி இப்போது நாக்கை இழுப்பதில்லை, அந்த உருளையை மட்டும் நகர்த்துகிறது. அதற்கு ஒரு விரல் போதும். உருளை நகர்ந்ததும், தள்ளுகிற கூட்டமே நாக்கைச் சுழற்றிக் கதவைத் திறந்துவிடும்.