பச்சைப் பொட்டு வச்ச டயர்

மாயவனின் வண்டிக்கு இல்லாத வியாதி கிடையாது. காலையில் செல்ஃப் எடுக்காது, நாலு பேர் தள்ள வேண்டும். ஸ்டியரிங்கை வலதுபக்கம் ஒடித்தால் ஹாரன் தானாக அடிக்கும். முன்னால் சும்மா சைக்கிளில் போகிறவன் திரும்பி முறைப்பான். மீன்கூடையிலிருந்து ஒழுகும் உப்புத்தண்ணீர் எட்டு வருஷமாக அரித்துத் தின்று, டிரைவர் கால் வைக்கிற இடத்தில் ஒரு ஓட்டை. அதன்மேல் பிஸ்கட் டின்னை வெட்டித் தட்டையாக்கிப் போட்டிருந்தான்.

புதுப்பட்டினம் கூட்டுரோடு ஸ்டாண்டில் நின்ற ஆறு பிக்கப் வண்டிகளும் இதே லட்சணம்தான். பொழுது விடிந்தால் அங்கே வேறு பேச்சே கிடையாது.

"அண்ணாத்த, கிளட்சை மிதிச்சா கர்ருங்குது, இன்னா பண்லாம்?"

"ரேடியேட்டரு தண்ணி குடிச்சுகினே கீதுபா, எங்க போவுதுன்னே தெர்ல."

ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். மஞ்சள்தூளைப் போட்டால் ரேடியேட்டர் ஓட்டை அடைபடும் என்று எவனோ சொல்லி, மாயவனின் மச்சினன் சரவணகுமார் ஒரு பாக்கெட்டை அப்படியே கொட்டிவிட்டான். திருக்கழுக்குன்றம் வரைக்கும் அவன் வண்டி குழம்பு வாசனையோடு போனது. அதற்கு ஒரு வாரம் சிரித்தார்கள்.

ஒன்றைப் பற்றி மட்டும் அந்த ஸ்டாண்டில் யாரும் வாய் திறந்து கேட்டதில்லை. டயர். ஆறு வண்டிக்கும் மொட்டை டயர், விரலால் தடவினால் பானை வயிறு மாதிரி வழவழவென்று இருக்கும். கேட்டால் என்ன பதில் வரும் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் கேட்கவில்லை.

ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவை செங்கல்பட்டு ஆர்.டி.ஓ. ஆபீசில் எஃப்.சி. காட்டியாக வேண்டுமே. வண்டி ரோட்டில் ஓட லாயக்குதான் என்று அங்கே கையெழுத்துப் போட்டுத் தந்தால்தான் பிழைப்பு. மொட்டை டயரோடு போனால் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதற்கு ஆறு பேரும் சேர்ந்து ஒரு வழி செய்திருந்தார்கள். நாலு வருஷம் முன்னால் பங்கு போட்டு, செங்கல்பட்டு டயர்க் கடை ஒன்றில் நாலே நாலு புது டயர் வாங்கி, மாட்டுகிற இரும்பு டிஸ்க்கோடு சேர்த்து டீக்கடை சந்திரம்மாவின் பின்கட்டு அறையில் வைத்தார்கள். அதற்குப் பேரே எஃப்.சி. டயர். எவனும் மாற்றிக்கொண்டு போய்விடக் கூடாதென்று, குப்பத்தில் வலைமிதவைக்கு அவரவர் வீட்டு அடையாளம் போடுகிற மாதிரி, நாலு டயரிலும் பச்சைப் பெயிண்டில் ஒரு பொட்டு வைத்தார்கள்.

எவனுக்கு எஃப்.சி. தேதி வருகிறதோ அவன் அந்த நாலையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு மொட்டை டயரில் செங்கல்பட்டு போவான். ஆபீசுக்குப் பக்கத்துப் புளியந்தோப்பில் ஜாக்கி போட்டு மாற்றுவான். உள்ளே போய்க் காட்டிவிட்டு வந்து, அதே தோப்பில் பழையதையே திரும்ப மாட்டிக்கொண்டு வருவான். ஏன், அப்படியே ஓட்டிக்கொண்டு வந்தால் என்ன? தேய்ந்துவிடுமாம்! நாலு வருஷத்தில் அந்த டயர்கள் தோப்பிலிருந்து ஆபீசு, ஆபீசிலிருந்து தோப்பு என்பதைத் தவிர வேறு ஊரைப் பார்த்ததில்லை. ஆயுத பூசைக்குச் சந்தனமும் குங்குமமும் வேறு. வீட்டுப் பெண்டாட்டியைக்கூட இவன்கள் அப்படித் தாங்கியதில்லை.

அது இரண்டாயிரத்து ஒன்று, ஐப்பசி மாதம். புதன்கிழமையோடு மாயவனின் எஃப்.சி. முடிகிறது. வெள்ளிக்கிழமை சரவணகுமாரின் முறை. மாயவனுக்கு நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை. அந்த வருஷம்தான் புதிதாக வந்திருந்த பிரேக் இன்ஸ்பெக்டர் திருநாவுக்கரசு, மதுராந்தகம் பக்கத்து நெல்லு வண்டிகள் இரண்டைப் போன வாரம்தான் திருப்பி அனுப்பியிருந்தார். எஃப்.சி. இல்லாவிட்டால் வண்டி நிற்கும். வண்டி நின்றால், விடியலில் கரையில் ஏலம் எடுத்த மீனோடு செங்கல்பட்டு மார்க்கெட்டுக்குப் போகிற ஆறு மீன்காரப் பெண்களும், அவர்களோடு அவன் மனைவி ஜெகதாம்பாளும் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ்சுக்கு நிற்க வேண்டும். மீன்கூடையைப் பார்த்தாலே கண்டக்டர் விசில் ஊதிவிடுவான்.

புதன்கிழமை மீனை இறக்கி விற்று முடித்ததும் மற்றப் பெண்கள் பஸ்சில் திரும்பிவிட்டார்கள். ஜெகதாம்பாள் மட்டும் கூடவே வந்தாள். புருஷன் வாயில் அவளுக்கு நம்பிக்கை இல்லை. மாயவனுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் கை தானாகக் காதைச் சொறியும்.

"தபாரு, டயரைப் பத்தி கேட்டா கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. பச்சைப் பொட்டு இன்னான்னு கேட்டா, கண்ணு படாம இருக்கன்னு சொல்லு. காதைத் தொட்டே, அவ்ளோதான்!" என்றாள், புளியமரத்தடியில் கழற்றி அடுக்கிய மொட்டை டயர்மேல் உட்கார்ந்துகொண்டு.

"நான் இன்னா கொயந்தியா?" என்று எகிறிவிட்டு மாயவன் வண்டியை எடுத்தான். முதல் கியர் விழவேயில்லை.

இன்ஸ்பெக்டர் திருநாவுக்கரசு ஒல்லியான மனுஷர். அதட்டவில்லை, அவசரப்படவில்லை. பிரேக் போடச் சொன்னார், வண்டி நின்றது. விளக்கு எரிந்தது. தரை ஓட்டைக்கு முதல்நாளே தகடு வைத்து வெல்டிங் அடித்திருந்தான். ஹாரன் அடிக்கச் சொன்னபோது ஸ்டியரிங் நேராக இருந்ததால் பிழைத்தான். மாயவனுக்கு மூச்சு வந்தது. அப்போதுதான் அவர் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தினார்.

"வண்டி எந்த வருஷம்?"

"தொண்ணூத்தி மூணு சார்."

"டயர்?"

"அது... வண்டியோடதுதான் சார்." கை காதுக்குப் போனது. பாதியில் பிடித்து இழுத்து இடுப்பில் வைத்தான்.

புது டயரில் மயிர் மாதிரி நீட்டிக்கொண்டிருக்குமே ரப்பர் இழை, அதில் ஒன்றை இன்ஸ்பெக்டர் பிய்த்து எடுத்து அவன் முகத்துக்கு நேரே காட்டினார். "உன் தலையில முடி கொட்டிப்போச்சு. டயருக்கு இன்னும் ஒண்ணுகூட உதிரலையே. சரி, இது என்ன பச்சைப் பொட்டு?"

"கண்ணு படாம இருக்க சார்."

"சித்திரையில ஒருத்தர் வந்தார், இதே பொட்டு. ஆனியில ஒருத்தர், இதே பொட்டு. ஆவணியில ஒருத்தர். புரட்டாசியில ஒருத்தர். எல்லாம் உங்க கூட்டுரோட்டுக்காரங்கதான். ஊர்க் கண்ணு பூரா டயர்மேலதான் படுமா?"

வரிசையில் நின்ற டிரைவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். மாயவன் காதை இரண்டு கையாலும் சொறிந்தான். அதற்குமேல் அடக்க முடியவில்லை. ஆறு பேர், பங்கு, சந்திரம்மா அறை, புளியந்தோப்பு என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். "பழைய டயர் அங்கதான் கீது சார், என் வூட்டுக்காரி காவல் காத்துகினு கீறா" என்பது வரைக்கும் சொல்லிவிட்டான்.

"தினம் வண்டியில என்ன ஏத்துற?"

"மீனு சார். அப்புறம் மீன்காரம்மாங்க ஏழு பேரு."

"சரக்கு வண்டியில ஆள் ஏத்தறதையும் எங்கிட்டயே சொல்றியா? நல்ல ஆளப்பா நீ!"

போச்சு, எல்லாம் போச்சு என்று மாயவன் தலையைக் குனிந்து நின்றான். இன்ஸ்பெக்டர் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். பிறகு நாலு சக்கரத்தையும் சுற்றி வந்து, டயர் பக்கவாட்டில் அச்சாகியிருந்த நம்பர்களை ஒவ்வொன்றாகத் தன் நோட்டில் எழுதினார், பக்கத்தில் வண்டி நம்பரையும் எழுதினார்.

"இன்னைக்கு உன் வண்டியில இருக்கிற டயர் நல்ல டயர். ஃபெயில் பண்ண எனக்கு வழியில்ல. ஆனா இந்த நாலும் இனிமே உன் வண்டிக்குச் சொந்தம். வேற வண்டியில பாத்தேன்னா அவனுக்கும் எஃப்.சி. இல்ல, உனக்கும் இல்ல. ஏழு பொம்பளைங்களை மொட்டை டயர்ல ஏத்திட்டுப் போறியே, ராத்திரி தூக்கம் வருதா உனக்கு? இனிமே பின்னாடி ஒரு ஆள் ஏறக் கூடாது. மீன் மட்டும்தான்."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். எஃப்.சி. கிடைத்துவிட்டது. மாயவன் கும்பிட்டான். கும்பிட்ட கை இறங்குவதற்குள் மச்சினன் ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமை சரவணகுமாருக்கு டயர் ஏது?

தோப்பில் விஷயத்தைக் கேட்டதும் ஜெகதாம்பாள் ஆடித் தீர்த்தாள். "உளறிக் கொட்டிட்டியா? அவ்ளோ தூரம் சொல்லியும் உளறிட்டியா? எந்தம்பி மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? ஆறு பேரு டயரை ஒருத்தனா முழுங்கிட்டு வந்து நிக்கிறியே, உனக்கு வெக்கமா இல்ல?"

மழை பிடித்துக்கொண்டது. மொட்டை டயர் நாலையும் பின்னால் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். திருக்கழுக்குன்றம் தாண்டியும் அவள் வாய் ஓயவில்லை. பேசாமல் பழையதை மாட்டிக்கொள், எந்த இன்ஸ்பெக்டர் குப்பத்துக்கு வந்து பார்க்கப் போகிறான் என்றாள். நம்பரை எழுதிக்கொண்டாரே என்றான். எழுதினால் எழுதட்டும் என்றாள்.

ஊருக்குள் நுழையுமுன் கால்வாய்ப் பாலம் ஒன்று இருக்கிறது. பாலத்தை விட்டு இறங்கியதும் ரோடு சட்டென்று இடதுபக்கம் ஒடியும். ஓரமெல்லாம் சவுக்குத் தோப்பு. மழை பெய்தால் உதிர்ந்த சவுக்கு இலை ஊறி எண்ணெய் ஊற்றினது போலக் கிடக்கும். போன வருஷ மழையில் அங்கேதான் வண்டியின் பின்பக்கம் சறுக்கித் திரும்பி, இரண்டு கூடை வஞ்சிரம் கால்வாய்க்குள் போனது. பொன்னி என்கிற மீன்காரம்மா கம்பியைப் பிடித்துத் தொங்கினாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து, வெயிலோ மழையோ, அந்த வளைவு வந்தால் ஜெகதாம்பாள் தாலியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு "எல்லையம்மா, தாயே" என்பாள். பின்னாலிருந்து ஆறு குரலும் சேர்ந்துகொள்ளும். மாயவன் மட்டும் ஒன்றும் சொல்லமாட்டான். கல்லு மாதிரி உட்கார்ந்திருப்பான்.

இன்றைக்கு அவன் தன் தோளையே கவனித்தான். வழக்கமாகப் பாலம் ஏறும்போதே இரண்டு தோளும் காது வரைக்கும் ஏறிவிடும். இப்போதும் ஏறியது. வண்டி பாலத்திலிருந்து இறங்கியது, ஸ்டியரிங்கை ஒடித்தான், டயர் ரோட்டைக் கவ்விப் பிடித்துக்கொண்டு, சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளையாட்டம் திரும்பியது. அவ்வளவுதான். வளைவு பின்னால் போய்விட்டது. பக்கத்தில் ஜெகதாம்பாள் இன்னும் தம்பியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள்.

மாயவன் வண்டியை ஓரங்கட்டினான். தோள் மெதுவாக இறங்கியது.

"இன்னாத்துக்கு நிறுத்தினே? மறுபடியும் புட்டுக்கிச்சா?"

"பாலம் தாண்டிட்டோம்" என்றான்.

அவள் திரும்பிப் பின்கண்ணாடி வழியே பார்த்தாள். மழைக்குள் பாலம் தூரத்தில் தெரிந்தது. தன் கையைப் பார்த்தாள். அது மடியில் சும்மா கிடந்தது. தாலி அதன் பாட்டுக்குக் கழுத்தில் கிடந்தது.

"நான் எல்லையம்மாவைக் கூப்பிடவேயில்லியே!"

"நீ என்னியத் திட்டிகினு இருந்தே."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தி அவன் முகத்தைப் பார்த்தாள். "ஏன்யா, உனக்கும் அங்க பயமா இருக்குமா? ஒருநாளும் ஒரு வார்த்த சொன்னதில்லியே."

"தெனமும்" என்றான் மாயவன். இந்தத் தடவை கை காதுக்குப் போகவில்லை. "தெனமும் பயந்துகினுதான் ஓட்டியிருக்கேன். எனக்கே இப்பதான் தெரியுது."

கண்ணில் தண்ணீர் முட்டியது. என்ன நிம்மதியோ தெரியவில்லை, எட்டு வருஷத்துப் பாரத்தை யாரோ பின்னாலிருந்து இறக்கி வைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஜெகதாம்பாள் முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள். அதற்கப்புறம் பழைய டயரை மாட்டு என்று அவள் சொல்லவில்லை.

ஸ்டாண்டில் சரவணகுமார் ஜாக்கியோடு தயாராக நின்றான். "மாமா, எஃப்.சி. கிட்சிதா? டயரை அப்படியே என் வண்டில ஏத்திடு. இன்னாது, கழட்டாமயே வந்துகீற? மழையில தேச்சிகினே வந்தியா?"

மாயவன் நடந்ததைச் சொன்னான். சொல்லி முடிக்குமுன் சரவணகுமார் ஜாக்கியைத் தரையில் வீசினான். "பேஜாரு பண்ணிட்டியே மாமா! அப்ப வெள்ளிக்கெயம நான் இன்னா பண்றது? நாலு சக்கரத்துக்குப் பதிலா என் தலையைக் காட்டட்டுமா? மத்த நாலு பேருக்கு யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன். அவங்கவங்க பங்கைத் தந்துடறேன். ஆனா இதைக் கழட்ட மாட்டேன்டா."

ஜெகதாம்பாள் கேபினிலிருந்து குதித்து இறங்கினாள். புருஷன் கையிலிருந்து சாவியைப் பிடுங்கித் தம்பி சட்டைப்பையில் போட்டாள். "கத்தாதடா. கால்வாய்ப் பாலம் வரைக்கும் போய் வளைஞ்சு திரும்பி வா. அப்புறம் எவ்ளோ வேணா கத்து, நான் கேட்டுக்கறேன்."

அவன் முணுமுணுத்துக்கொண்டே ஏறினான். ஸ்டாண்டை விட்டு வலதுபக்கம் திருப்பியதும் ஹாரன் தானாக அடித்தது. சந்திரம்மா டீ ஆற்றிக் கொடுத்தாள். மாயவன் நாலு நாளைக்கப்புறம் பசித்து இரண்டு பன்னைத் தின்றான்.

சரவணகுமார் திரும்பி வந்தபோது மழை விட்டிருந்தது. சாவியை மாமா கையில் கொடுத்தான். நேராகத் தன் வண்டிக்குப் போய், முன்சக்கரத்தருகே குந்தி, கட்டைவிரலால் டயரைத் தடவினான். ஒரு இடத்தில் ரப்பர் தேய்ந்து உள்ளே நூல் தெரிந்தது. அதை நகத்தால் நெருடிப் பார்த்தான். அவன் பிள்ளை தினமும் அந்த வண்டியில்தான் பள்ளிக்கூடம் போகிறான்.

பிறகு தலையைத் தூக்காமலே கேட்டான்:

"மாமா, செங்கல்பட்டுல அந்த டயர்க் கடை எத்தினி மணி வரிக்கும் தொறந்துகினு இருக்கும்?"