நைசாய் முடிந்த வழக்கு

செல்வராசா செத்து எட்டு மாதம் கழித்துத்தான் எங்கள் வீட்டுக்குள் வந்தான். கூட்டிவந்து விட்டவர் என் வழக்கறிஞர் ஜனார்த்தனன்.

செல்வராசா என் முதல் புருஷன். ஆறு வருடம் அவனிடம் அடிவாங்கி, வாழ்ந்தது போதுமென்று விவாகரத்து வழக்குப் போட்டவள் நான். தீர்ப்பான அன்று ஜனார்த்தனன் அடுத்த வழக்குக்கு ஓடுகிற ஓட்டத்தில் சொன்னார்: "நைசை முடிஞ்சுது பிள்ளை. மூண்டு மாசத்தால வாங்கோ."

நைசாய் முடிந்தது, சத்தம் சண்டை இல்லாமல் முடிந்தது என்றே என் காதில் விழுந்தது. மூன்று மாதம் எதற்கென்று நான் கேட்கவில்லை. எந்த அரசாங்கக் கந்தோர்தான் போன உடனே கடதாசி தந்திருக்கிறது?

கையில் கோட்டில் தந்த முத்திரை குத்திய தாள் ஒன்று இருந்தது. தீர்ப்பாகி ஐந்து கிழமை கழித்து அதைக் காட்டி, என்னைக் கட்டக் காத்திருந்த ஜெயந்தனோடு கலியாணப் பதிவெழுதினேன். பதிவாளர் முத்திரையைப் பார்த்தாரே தவிர எழுத்தைப் பார்க்கவில்லை. அடுத்த நாள் செல்வராசா இரணைமடுக் குளத்தில் மூழ்கிப் போனான். மீன்பிடிக்கிறவன், வலை போடப் போயிருப்பான் என்றார்கள். எனக்கும் அவனுக்கும் என்ன என்று இருந்துவிட்டேன்.

வயிற்றில் ஏழு மாதமானபோது, பிள்ளையின் பிறப்புப் பதிவுக்கு உதவுமென்று மிச்சக் கடதாசியை எடுக்கப் போனேன். ஜனார்த்தனன் கோப்பைப் புரட்டினார். முகம் மாறிவிட்டது.

"நைசை எண்டது கோட்டு இங்கிலீசில இடைக்காலத் தீர்ப்பு, பிள்ளை. மூண்டு மாசம் கழிச்சு முடிவுத் தீர்ப்பு எடுத்தாத்தான் விடுதலை. அதுக்குள்ள அவர் செத்திட்டார். சாகும்வரைக்கும் நீங்கள் அவரின்ர மனிசிதான்."

"அப்ப ஜெயந்தனோட எழுதினது?"

"செல்லாது. விதவை எண்டு போட்டு, பிள்ளை பிறக்க முதல் திரும்ப எழுதுங்கோ. மரணச் சான்றிதழ் அவரின்ர தாயிட்ட இருக்கும்."

அன்றிலிருந்து வீட்டில் மூன்று பேர். பட்டப்பகலில் குசினி அடுப்படியில் நிற்பேன். முதுகுக்குப் பின்னால் குளத்துச் சேறு மணக்கும். திரும்பினால் யாருமில்லை. சாப்பிட எடுத்து வைத்த தட்டுகளில் ஒன்று கூடுதலாக இருக்கும். நானேதான் வைத்திருப்பேன், வைத்தது நினைவிருக்காது. பயமாக இருந்தது. அதைவிட ஆத்திரம். செத்தும் விடுகிறானில்லையே!

ஜெயந்தன் சொந்த வீட்டுக்குள் வரும்போது வாசலில் செருமிவிட்டு வரத் தொடங்கினார். "ஆருக்குச் செருமுறீங்கள்?" என்று ஒருநாள் கத்திவிட்டேன்.

சான்றிதழுக்காக இரண்டு பேரும் ஓட்டோவில் போனோம். செல்வராசாவின் தாய் பேச்சியம்மா குளத்துக்குக் கீழே இருக்கிறா. மலையகத்திலிருந்து வந்த குடும்பம். வன்னியில் நாற்பது வருடம் இருந்தும் பேச்சு மாறவில்லை. ஜெயந்தன் வாசல் படலையடியில் நின்றுகொண்டார்.

ஏசுவா என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். தகரப் பெட்டியைத் திறந்து சான்றிதழை எடுத்துத் தந்தா. பிறகுதான் வாய் திறந்தா.

"நீ எழுதினது செல்லாதுன்னு அவனுக்குத் தெரியும்மா. கோர்ட்டுத் தாளு அவனுக்கும் வந்துச்சி. எழுத்து எழுத்தா படிச்சான். இன்னும் மூணு மாசம் இருக்கு ஆத்தா, குடிய விட்டுட்டுப் போயி கூட்டியாந்துர்றேன்னான். அதுக்குள்ள நீ எழுதிட்டேன்னு சேதி வந்திருச்சி. போலீசுல சொல்லுடான்னு நான்தான் சொன்னேன். அவள உள்ள போட்ருவாங்க, வேணாம்னான்."

"அடுத்த நாள் வலை போடத்தானே மாமி போனவர்?"

பேச்சியம்மா கூரைக்குக் கீழே கையைக் காட்டினா. வலை சுருட்டியபடி தூசி பிடித்துத் தொங்கியது.

"வலய எடுத்துட்டுப் போகல."

என்னை அடித்து விரல் முறித்தவன், என்னை மறியலில் அடைத்துவைக்க மனமில்லாமல் போயிருக்கிறான். இதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்? கோபம் போகவில்லை. கோபத்தோடேயே அழுகை வந்தது. யாரும் சொல்லாமலே என் கை நெற்றிக்குப் போய்ப் பொட்டை அழித்தது. அதைக் கண்டபிறகுதான் பேச்சியம்மா வாய்விட்டு அழுதா.

படலையடியில் ஜெயந்தன் என் வெறும் நெற்றியைப் பார்த்தார்.

"பதிவாளர் இப்ப இருப்பார். போய் எழுதக் குடுத்திட்டு வருவமா?"

"நாளைக்குப் போவம்," என்றேன். "இண்டைக்கு எனக்கு அவரின்ர செத்தவீடு."