எரிந்த காட்டின் அத்தியாயம்

பல் செட் செய்யும் லேபில் இருபது வருடமாக வேலை பார்க்கும் அக்காவுக்குக் கண்ணில் ஆபரேஷன் நடந்தது. ஒரு வாரம் எதையும் படிக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவளோ ஹவாய்த் தீவுக் குடும்பம் ஒன்றைப் பற்றிய தடித்த நாவலில் பாதி வழியில் நின்றிருந்தாள். எரிமலைத் தேவி பேலேயின் வழிவந்தவர்கள் என்று தங்களை நம்பும் குடும்பம் அது. மலை புகைந்தால் அந்த வீட்டிலும் சண்டை மூளும். மகள் மூன்று நாள் வாசித்துக் காட்டினாள். நாலாம் நாள் அவளுக்கு லீவு தீர்ந்துபோயிற்று.

"சித்தியை வரச் சொல்லியிருக்கேன்மா" என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னவள், பதிலுக்கு நிற்காமல் நழுவிவிட்டாள்.

அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தங்கையோடு பேச்சு நின்று நாலு வருடம். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாள், மருந்து வாங்கப் போன தங்கை திரும்ப மூன்று மணி நேரமாயிற்று. அதற்குள் அம்மா போய்விட்டாள். சொந்தபந்தம் எல்லார் முன்னாலும் அக்கா வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டாள்.

தங்கை வந்தாள். சௌக்கியம்கூட விசாரிக்கவில்லை. "எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டு, நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு வாசிக்கத் தொடங்கினாள்.

அந்த அத்தியாயத்தில் பழங்கதை ஒன்று வந்தது. தன் காதலனை அழைத்துவரத் தங்கை ஹியாகாவை அனுப்புகிறாள் பேலே. நாற்பது நாள் கெடு. வழியெல்லாம் தடங்கல். போய்ச் சேர்ந்தால் அவன் செத்துக் கிடக்கிறான். மந்திரம் சொல்லி உயிர்ப்பித்து அழைத்து வருவதற்குள் கெடு தாண்டிவிடுகிறது. தங்கை துரோகம் செய்துவிட்டாள் என்று கொதித்த பேலே, அவள் உயிராக நேசித்த காட்டையும் தோழியையும் எரித்துவிடுகிறாள்.

தங்கை புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"என்ன ஆச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இவ."

பேலேக்குப் பரிந்து பேச வாயெடுத்த அக்கா அடக்கிக்கொண்டாள். "அவ கேக்கல. நான் கேக்கறேன். அன்னைக்கு என்னடி ஆச்சு?" என்றாள்.

மூன்று கடையில் அந்த மருந்து இல்லை. நாலாவது கடை ஊரின் மறுகோடியில். திரும்பும்போது பஸ் நடுவழியில் நின்றுவிட, தங்கை மழையில் ஓடியே வந்திருக்கிறாள்.

"படியேறும்போதே உன் சத்தம் கேட்டுச்சுக்கா. மருந்து கையிலயே இருந்துச்சு. யார்கிட்ட குடுக்கறதுன்னு தெரியல."

"இத ஏன்டி சொல்லல?"

"நீ பேச விட்டாத்தானே?"

"தப்புதான்டி" என்று அக்கா உடைந்து அழுதாள். தங்கை பதறிப்போய்ப் பஞ்சைத் தேடி எடுத்துக் கன்னத்தை ஒற்றினாள். "அழாதேக்கா, கண்ணு! அந்த டாக்டர் என்னைத்தான் தின்னுடுவார்."

அழுகையோடு அழுகையாக அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, மேலே படி. தங்கச்சிக்காரி அவளைச் சும்மாவா விட்டா?"

தங்கை பக்கத்தைப் புரட்டினாள். "எங்க விட்டா? பாறையத் தோண்டறா. கடலையே உள்ள விட்டு அக்கா நெருப்ப அணைக்கப் போறாளாம்."

"தோண்டட்டும், நல்லாத் தோண்டட்டும்" என்றாள் அக்கா. "வேணும் அவளுக்கு."