முன்னால் தலைவர்

1.
இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. மறைப்பதற்கில்லை.

பேரிகை ரோஜா விவசாயிகள் சங்கத்துக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் தலைவராக இருந்த நாராயணப்பன் (நான் இல்லை, அப்படி நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்) இந்த முறை தேர்தலில் தோற்றார். ஜெயித்தவள் பங்காளி ராமப்பனின் மகள் சரிதா. அந்தப் பதவி எங்கள் வீட்டை… அவர் வீட்டைத் தாண்டிப் போனது அதுவே முதல் தடவை.

2.
முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: 'சரிதா திமிர் பிடித்தவள். ஓசூர் கம்பெனியில் நாலு இங்கிலீஷ் வார்த்தை கற்றுக்கொண்டு வந்து'

அடித்துவிட்டேன். அவள் திமிர் பிடித்தவளாக இருந்திருந்தால் நாராயணப்பனுக்கு எவ்வளவோ நிம்மதி.

குளிர்பதனக் கிடங்கு திறப்பு விழா அழைப்பிதழை அவளே கொண்டுவந்தாள். ஆங்கிலப் பக்கத்தில் அவர் பெயருக்குக் கீழே 'ப்ரெடிசெஸர்' என்றிருந்தது.

"அப்பிடின்னா?"

"எனக்கு முன்னாடி இருந்தவருன்னு அர்த்தம், பெரியப்பா. அப்புறம், ஃபிளெக்ஸ் தமிழை நீங்க ஒருக்கா பாத்துடுங்க. லகரம் ளகரமெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும்."

'முன்னாடி' அவருக்கு இனித்தது. அவள் போனதும் அகராதியைப் புரட்டினார். லத்தீன் வேர். முன்பாதிக்கு 'முன்பு' என்று பொருள். பின்பாதிக்கு 'கிளம்பிப் போனவர்'. இறந்தவரைச் சொல்லும் 'டிசீஸ்டு'ம் அதே வேரில் முளைத்ததுதான்.

"உசுரோட இருக்கறப்பவே எனக்குப் பால் ஊத்திட்டா," என்றார் மனைவி மாதம்மாளிடம்.

"அவ பூச்செண்டு குடுக்கறா. நீங்க மலர்வளையம்னு வாங்கிக்கறீங்க."

3.
(விழாக் காட்சியை எழுதிக் கிழித்துவிட்டேன். எத்தனை முறை எழுதினாலும் கைதட்டல் அவளுக்கே அதிகம் விழுந்தது.)

ஆகவே, ஃபிளெக்ஸ் கடை. குலாம் முகம்மதுவின் கணினித் திரையில் சரிதாவின் படம் பெரிதாக இருந்தது. கீழே ஓரமாக நாராயணப்பன். பக்கத்தில்: 'முன்னால் தலைவர்'.

சங்கத்து நோட்டீஸில் ஒரு லகரம் பிசகினாலும் திருப்பி அனுப்பியவர் அவர். இன்று அந்த 'ல்'லையே பார்த்துக்கொண்டு நின்றார். 'ள்' போட்டால் பதவி போனவர். 'ல்' அப்படியே இருந்தால் எல்லோருக்கும் முன்னால் நிற்கிற தலைவர். ஆனால் அவரை நம்பிக் கொடுத்தவள் அதைப் படிப்பாள்.

"பெரியவரே, சரியா இருக்குதுங்களா? மெசின்ல ஏத்தட்டுங்களா?"

4.
இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவர் பெருந்தன்மையானவர். எனக்கே நம்பிக்கை வரவில்லை. மற்றதில் அற்பர், எங்கள் குடும்பத்தில் அப்படி யாரும் இல்லை.

குலாம் காத்திருக்கிறார். ஓர் எழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். நீங்களே போடுங்கள். போடும்போது நாராயணப்பன் உங்கள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

முன்னா__ தலைவர் நாராயணப்பன்