அடிச்சா நெசமாத்தான் அடிப்பேன்

பூந்தமல்லி தாண்டி உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் ஆண்டு விழா. அமெரிக்க ராக் பாடகர் க்ளேட்டன் ரட் வருகிறார் என்று நெடுஞ்சாலை நெடுக ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். அவருக்கு டிரம்ஸ் வாசிக்கப்போகிறவள் யுவராணி என்பது எந்த ஃபிளெக்ஸிலும் இல்லை.

அவளுக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை. ஆவடி தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். குமணன்சாவடி கல்யாண மண்டபங்களில் மெல்லிசைக் கச்சேரிக்கு வாசித்துத்தான் பிழைப்பு நடந்தது. ஆனால் மனசு கிடந்ததெல்லாம் ராக்கில்தான். ரட்டின் பழைய பாட்டுகளைப் போட்டுக் கேட்டுக் கேட்டே கை பழகியவள் அவள்.

ரட் ஓஹையோவில் ஓர் எஃகு ஆலைத் தொழிலாளியின் மகன். ப்ளூஸ் இசையை எடுத்து, காதைக் கிழிக்கும் கிடாரோடு கத்திப் பாடி, எண்பதுகளில் பெரிய பெரிய விளையாட்டு அரங்குகளை நிரப்பியவர். அப்புறம் ரசனை மாறியது. ரெக்கார்டு கம்பெனி கைகழுவியது. பேண்டின் பெயர் யாருக்குச் சொந்தம் என்று கூட்டாளிகளே கோர்ட்டுக்குப் போனார்கள். கடைசியில் தொண்டையில் அறுவை சிகிச்சை. இப்போது தனி ஆளாகக் கிடாரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய், அந்தந்த ஊர் வாத்தியக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு மேடை ஏறுகிறார். சென்னையில் அவருக்குக் கிடைத்தவர்கள் யுவராணியும், அவளோடு வாசிக்கும் சேக்காட்டு கிரணும். கிரண் பேஸ் கிடார்.

மத்தியானம் மேடையில் வாத்தியங்களை வைத்துக்கொண்டிருந்தபோது ரட்டின் இந்தியக் கச்சேரிகளை எல்லாம் ஏற்பாடு செய்யும் பால்ராஜ் லேப்டாப்போடு வந்தான். டிரம்ஸ் மேல் தடித்த ரப்பர் விரிப்புகளைப் போட்டான்.

"இன்னா இது?" என்றாள் யுவராணி.

"சத்தம் வராம இருக்கத்தான். பாட்டு மொத்தமும் இதுல கீது, பழைய ரெக்கார்டு. அவரு வாய அசைப்பாரு, நீங்க கைய அசைங்க. அவ்ளோதான் மேட்டரு."

"அப்ப எங்கள இன்னாத்துக்குக் கூப்ட்ட?"

"மேடை காலியா கீதுன்னு சொல்லுவாங்கல்ல?"

"மேடைய ரொப்பணும்னா ரெண்டு வாழமரத்தக் கட்டு அண்ணாத்தே. நான் அடிச்சா நெசமாத்தான் அடிப்பேன்."

கிரண் அவள் கையைப் பிடித்து இழுத்தான். "யுவா, உட்டுத் தொல. இந்தாளப் பகைச்சிகினா அப்புறம் ஒருத்தனும் கூப்ட மாட்டான்."

அவள் கையை உதறிவிட்டு ரட்டைத் தேடிப் போனாள். ஒரு வகுப்பறையில் வெந்நீர் ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தார் அவர். ஏன் நிஜமாகப் பாடவில்லை என்று அவள் ஆங்கிலத்தில் கேட்டதும் நிமிர்ந்து பார்க்காமலே பதில் சொன்னார்.

"அந்த உச்சம் எனக்கு இனி எட்டாது, பெண்ணே. ரெக்கார்டில் இருக்கிறானே, அவனைக் கேட்கத்தான் வருகிறார்கள்."

"எட்டாவிட்டால் ஸ்ருதியைக் கீழே இறக்கிப் பாடுங்கள்."

"சிரிப்பார்கள்."

"சிரிக்கட்டும். நான் குச்சியைத் தொட்ட நாளிலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நான் நிறுத்திவிடவில்லை."

ரட்டின் முகம் சிவந்தது. "வெளியே போ" என்றார். அவள் போய்விட்டாள். ஆனால் மேடையை விட்டுப் போகவில்லை.

சாயங்காலம் மைதானம் நிறைந்து வழிந்தது. ரட் கிடாரோடு வந்து மைக் முன்னால் நின்றார். யுவராணி விரிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே எறிந்தாள். பால்ராஜ் பாட்டைப் போடுவதற்கு முன்பே அவள் அடிக்கத் தொடங்கிவிட்டாள். அதே பாட்டுதான், ஆனால் நிதானமாக, கனமாக. பதறிப்போன பால்ராஜ் ரெக்கார்டை ஓடவிட்டான். இரண்டு தாளமும் மோதிக்கொண்டன. பையன்கள் ஊளையிட்டார்கள். அவன் டிரம்ஸ் மைக்கை அணைத்தான். அதனால் ஒன்றும் ஆகவில்லை. அவள் அடித்த அடிக்கு மைக் தேவைப்படவில்லை.

அப்போதுதான் கூட்டம் அதைக் கவனித்தது. ஸ்பீக்கரில் ரட்டின் வாலிபக் குரல் உச்சத்தில் கத்திக்கொண்டிருந்தது. மேடையில் ரட் வாயை மூடிக்கொண்டு நின்றார்.

மைதானமே கொல்லென்று சிரித்தது. இந்த மனுஷனை நாமே சந்தி சிரிக்க வைத்துவிட்டோமோ என்று யுவராணி நினைத்தாள். ஆனாலும் கை நிற்கவில்லை. கிரண் ஒரு கணம் கண்ணை மூடினான். பிறகு அவள் தாளத்தோடு சேர்ந்துகொண்டான்.

ரட் திரும்பி அவளை முறைத்தார். நேரே பால்ராஜிடம் நடந்துபோய், லேப்டாப் ஒயரைத் தன் கையாலேயே பிடுங்கினார். திரும்பி வந்து, ஸ்ருதியைக் கீழே இறக்கி, கிடாரில் ஓர் இழுப்பு இழுத்தார். பாடினார். குரல் பல இடங்களில் உடைந்தது. சில இடங்களில் வெறும் காற்றுதான் வந்தது. கொஞ்சம் பேர் பிரியாணிக் கடைப் பக்கம் நகர்ந்தார்கள். மிச்சம் பேர் தடுப்புக் கம்பியைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார்கள். இரண்டாவது பாட்டில் யாரும் சிரிக்கவில்லை.

இறங்கும்போது பால்ராஜ் வழிமறித்தான். "இனிமே இந்த ஏரியாவுல உனக்கு ஒரு மேடையும் கெடைக்காது."

"மேடைய நீயா பெத்துப் போட்ட? வழிய உடு."

ரட் நன்றி சொல்லவில்லை. "பெங்களூருக்கு வருவாயா?" என்று மட்டும் கேட்டார்.

"லேப்டாப் வராதென்றால் வருகிறேன்."

பால்ராஜ் மீதி ஊர்க் கச்சேரிகளை எல்லாம் ரத்து செய்தான். பெங்களூரில் ஒரு சின்ன இடத்தை ரட்டே பேசிப் பிடித்தார். மூன்று பேரும் அங்கே விடாமல் வாசித்தார்கள். பிறகு ரட் தன் ஊருக்குப் போனார்.

பால்ராஜ் சொன்னபடியே செய்தான். யுவராணிக்குக் கல்யாணக் கச்சேரிகள்கூட நின்றுபோயின. அவளும் கிரணும் முத்தாபுதுப்பேட்டையில் ஒரு பழைய கிடங்கைப் பிடித்து, ஞாயிறுதோறும் சொந்தப் பாட்டுகளை வாசிக்கிறார்கள். முதல் வாரம் ஒரு லாரி டிரைவரும் இரண்டு நாய்களும்தான் கேட்டார்கள். இப்போது ஆவடியிலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். போன ஞாயிறு, இவ்வளவு சத்தம் எதற்கு என்று ஒருவர் வந்து சண்டை பிடித்தார். யுவராணி அவர் சொன்னதை முழுசாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு பாதி திறந்திருந்த ஷட்டரை முழுசாகத் தூக்கிவிட்டு, குச்சிகளைக் கையில் எடுத்தாள்.